வீட்டு கெமிஸ்ட்ரியை எழுதச் சொன்னப்போ என்ன வந்துச்சு? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். தூத்துக்குடி பக்கம் பிளஸ் ஒன்னுக்கு கெமிஸ்ட்ரி எடுக்குறேன். போன வருஷம் "அன்றாட வாழ்வில் வேதியியல், ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க"ன்னு குடுத்தா 38 பேப்பர்ல பாதிக்கு மேல பேக்கிங் சோடாவும் வினிகரும்தான். எங்க ஊர்ல எந்த வீட்டு அடுப்படில வினிகர் இருக்கு சொல்லுங்க! அப்படியே கூகுள்ல இருந்து இறக்கியிருக்குதுங்க. கடுப்பாகி எல்லாத்தையும் திருப்பிக் குடுத்து ரெண்டே கண்டிஷன் போட்டேன், உன் கை பட்ட பொருளா இருக்கணும், வீட்டுல ஒருத்தர்கிட்ட கேட்டு அவங்க பேசுன மாதிரியே ஒரு வரி இருக்கணும்.

அடுத்த வாரம் ஒரு புள்ள உப்பளத்தை எழுதிட்டு வந்தா, அவ அம்மாவுக்கு அங்கதான் வேலை. கடல் தண்ணி 3 டிகிரி கிட்ட உள்ள வரும், பாத்தி பாத்தியா மாத்தி காயவிட்டு 25 கிட்ட வரும்போதுதான் உப்பு விழும், அதுக்கு முன்னாடியே ஜிப்சம் படிஞ்சிரும், 30 நெருங்குனா மிச்சத் தண்ணியை வெளிய விட்டுருவாங்கன்னு வரிசையா எழுதியிருந்தா. நான் பாட்டுக்கு டிகிரின்னா சூடுன்னு நெனச்சு "25-ல எப்படி?"ன்னு சிவப்பு மையில சுழிச்சுட்டேன். அவ வந்து "சூடு இல்ல மிஸ், கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு தண்ணியோட கனம் பாக்குறது"ங்குறா. போமே அளவு! எனக்கு முகமே இல்ல. அம்மா சொன்ன வரி இது: "கடேசித் தண்ணில கைய விட்டா எண்ணெ கணக்கா வழுக்கும், அந்த உப்பு கசக்கும், மூட்டைல கசிஞ்சுக்கிட்டே கெடக்கும்." அந்தக் கடேசித் தண்ணில இருக்குற மெக்னீசியம் குளோரைடு பத்தி இதுக்கு மேல என்ன சொல்றது, நான் இத்தனை வருஷமா "ஈரம் உறிஞ்சிக் கரையும் சேர்மம்"னு போர்டுல எழுதிட்டு அடுத்த தலைப்புக்குப் போயிட்டு இருந்தேன்.

---

மிஸ் நான் சாத்தூர் பக்கம். எங்க பசங்களுக்கு தீப்பெட்டிதான். ஒருத்தன் அவங்க ஆச்சி அந்தக் காலத்துல வீட்டுல உக்காந்து அடிப்பெட்டி ஒட்டுனது, கட்டை அடுக்குனது எல்லாம் எழுதிட்டு, நடுவுல "மருந்து குச்சிலயும் இருக்கு பெட்டி ஓரத்துலயும் இருக்கு, ரெண்டும் வேற வேற"ன்னு போட்டிருந்தான். குச்சில பொட்டாசியம் குளோரேட், ஓரத்துல சிவப்பு பாஸ்பரஸ். கிளாஸ்ல கேட்டா முக்காவாசிப் பேரு பாஸ்பரஸ் குச்சிலதான் இருக்குன்னு அடிச்சு சொன்னாங்க, தீப்பெட்டி ஊர்லயே இந்தக் கதை! அவனுக்கு எழுத்துப்பிழை ஏகப்பட்டது, நான் ஒன்னைக்கூட சுழிக்கல. ஆனா இன்டர்னல் 10 மார்க்குல இதுக்கு எங்க இடம்னு ஹெச்எம் கேட்டப்போ என்கிட்ட பதில் இல்ல.

---

எல்லாரும் நல்லதையே சொல்றீங்க, நான் சொதப்புனதை சொல்றேன். 2024-ல கள்ளக்குறிச்சி சாராய சாவு நடந்த சமயம், மெத்தனால் உடம்புக்குள்ள போயி ஃபார்மிக் அமிலமா மாறி கண் நரம்பை அடிக்கிறதை பிளஸ் டூவுக்கு சொல்லிட்டு, அதையே எழுதவும் குடுத்தேன். ஒரு பையன் அவங்க அப்பா குடிக்கிறதை எழுதியிருந்தான், பேரு எதுவும் இல்ல, பாட்டிலை எங்க ஒளிச்சு வைப்பாருங்குறது வரைக்கும். அவ்ளோ நல்லா இருந்துச்சுன்னு ஆர்வக்கோளாறுல சத்தமா வாசிச்சுட்டேன். யாரு பேப்பர்னு நான் சொல்லல, ஆனா பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு தெரிஞ்சிருச்சு. அந்தப் பையன் பேனா மூடியை கழட்டி கழட்டி மாட்டிட்டே இருந்தான், தலையே தூக்கல. அதுக்கப்புறம் அவன் குடுத்த எல்லா பேப்பரும் பேக்கிங் சோடா வினிகர்தான்.

இப்போ பேப்பர் மூலைல ஒரு கட்டம் போடச் சொல்லிட்டேன். வாசிக்கலாம்னா டிக், இல்லேன்னா காலியா விடு.

---

சார், அந்தக் கட்டத்தை நானும் எடுத்துக்குறேன். உப்பளத்துப் புள்ள பேப்பரையும் நான் கேக்காமத்தான் ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் காட்டுனேன், இப்பதான் உறைக்குது. நாளைக்கு முதல் பீரியட் அந்த கிளாஸ்தான்.