ஜெர்மனியில் ஒரு வருடமா, ஒரு செமஸ்டரா?
கோவையில் பி.இ. மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு. கல்லூரி ஒப்பந்தத்தில் ஐந்தாம், ஆறாம் செமஸ்டரை ஜெர்மனியில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. சிக்கல் காலண்டர்தான். அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். கோடை செமஸ்டர் தேர்வுகள் ஆகஸ்ட், சில பாடங்களுக்கு செப்டம்பர் வரைகூட இழுக்கும். இங்கே பிளேஸ்மென்ட் ஜூலையிலேயே ஆரம்பம்.

லேர்னிங் அக்ரிமென்ட் (அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எதற்கு ஈடு என்ற ஒப்பந்தம்) வரைவை துறைத்தலைவரிடம் கொடுத்தாச்சு. ஒரு வருடத்துக்கான 60 ஈசிடிஎஸ்-இல் (ஐரோப்பிய கிரெடிட் கணக்கு) தியரி எல்லாம் பொருந்துகிறது, இரண்டு லேப் பாடங்களுக்கு மட்டும் ஈடில்லை. திரும்பி வந்துதான் முடிக்கணும். ஆன்லைன் இன்டர்வியூ கேட்டதற்கு பிளேஸ்மென்ட் செல் பிடி கொடுக்கவில்லை. பிளாக்டு அக்கவுன்ட்டுக்கு (விசாவுக்காக வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் எடுக்கும் கணக்கு) மாதம் 992 வீதம் 11,904 யூரோ, கல்விக்கடனில் சமாளிக்கலாம்.

மாற்று: ஐந்தாவதை டிசம்பரோடு இங்கே முடித்துவிட்டு, ஏப்ரலில் கோடை செமஸ்டருக்கு மட்டும் போவது. கிரெடிட் பாதிதான், லேப் சிக்கலும் குறையும்.

இப்படிப் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: இரண்டிலுமே ஜூலையில் அங்கேதான் இருப்பேன்; பிளேஸ்மென்ட்டை விடாமல் சமாளிக்க எது வசதி, முழு வருடமா, கோடை செமஸ்டர் மட்டுமா?