அம்பு வாலில் கயிறு கட்டினால் தூரம் எவ்வளவு?

பாம்பன்காரன்:
டி அண்ட் டி (டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு. என் பாத்திரம் ஒரு ரேஞ்சர் (வேட்டைக்காரன்), கப்பல்ல நின்னு கடல்நாகத்தை அடிக்கணும். அம்பு வால்ல தங்கூசி (மீன்பிடி நரம்பு) கட்டி, மண்டா (மீன் குத்துற ஈட்டி) எறியிற மாதிரி குத்தி இழுக்க ஆசை. லாங்போவோட (நெடுவில்) தூரம் 150/600 அடி, அதாவது சாதாரணமா 150, அதிகபட்சம் 600, அப்படியே இருக்கட்டுமாண்ணே?

மண்டபம் டி.எம். (ஆட்டத்தை நடத்துறவர்):
வேணாம் தம்பி. கயிறு கனம் பின்னால இழுக்கும். என் மேசையில 75/300தான். தைச்சதும் ஸ்ட்ரெங்த் போட்டி, யாருக்குப் பலம் அதிகம்னு ரெண்டு பக்கமும் பகடை உருட்டணும். தோத்தா உங்க ஆளு கடல்ல. கச்சான் காத்து அடிச்சா டிஸ்அட்வான்டேஜும் (ரெண்டு பகடை உருட்டி குறைஞ்சதை எடுக்கறது) உண்டு, நான் கொஞ்சம் கொடுமைக்காரன்.

கீழக்கரை வில்லி:
எதுக்கு இந்தப் பாடு? அரோ ஆஃப் ஸ்லேயிங்னு ஒரு மந்திர அம்பு, அதைத் தேடுங்க. அம்பு பட்டது கான்ஸ்டிட்யூஷன் சேவ், அதாவது உடம்பு தாங்குதான்னு உருட்டுற பகடையில, 17 எடுக்கணும். தவறினா கூடுதலா 6டி10 (பத்து முகப் பகடை ஆறு) சேதம், தப்பிச்சாலும் பாதி. எந்த இனத்துக்குச் செஞ்சதோ அதுக்கு மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் ஒரே தடவை.

பாம்பன்காரன்:
கொல்லக் கூடாதுங்க, எங்க மாலுமி அது வயித்துக்குள்ள இருக்கான்!