டஸ்ட் கலெக்டர் திடீரென்று இழுக்கவில்லை, அவசர உதவி தேவை

காரைக்குடி பட்டறை | திங்கள், இரவு 8.12

வணக்கம். எங்கள் பட்டறையில் டஸ்ட் கலெக்டர் (மரத்தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் மெஷின்) திடீரென்று இழுக்காமல் போய்விட்டது. மோட்டார் ஓடுகிறது, சத்தமும் வருகிறது. ஆனால் பிளேனரில் (மரம் இழைக்கும் மெஷின்) மரம் விட்டால் சீவலில் பாதி தரையில்தான் கொட்டுகிறது. பையைக் கழற்றித் தட்டியும் பார்த்தாயிற்று, பயனில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு தேக்குக் கதவுகள் முடித்துக் கொடுக்க வேண்டும். புது மெஷின் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

இழைப்புளி | திங்கள், இரவு 8.31

தம்பி, இதை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. மெஷின் எத்தனை எச்.பி.? மின் இணைப்பு சிங்கிள் பேஸா, மூன்று பேஸா? மெஷினிலிருந்து பிளேனர் வரை பைப் எவ்வளவு நீளம், எத்தனை அங்குலம், எத்தனை வளைவு? முக்கியமாக, கடைசியாக எப்போது நன்றாக இழுத்தது? அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள்? முடிந்தால் படம் போடுங்கள்.

மதுரை ரம்பம் | திங்கள், இரவு 8.40

பைதான் காரணம், சந்தேகமே வேண்டாம். எனக்கும் இதே தொல்லை வந்தது. மேலோட்டமாகத் தட்டினால் போதாது. துணியின் இழைகளுக்குள் மாவு போன்ற தூள் ஏறி அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காற்று வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே இழுக்கவும் முடியாது. வெட்டவெளிக்குக் கொண்டுபோய், மாஸ்க் போட்டுக்கொண்டு, பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தட்டுங்கள்.

தேக்கு உத்தரம் | திங்கள், இரவு 9.05

டஸ்ட் கலெக்டர் வாங்குகிறவர்களில் பலர் அதை வீட்டு வாக்குவம் கிளீனரின் பெரிய அண்ணன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தவறான எண்ணத்தில்தான் எல்லாத் தொல்லையும் தொடங்குகிறது. வாக்குவம் கிளீனர் குறைந்த காற்றை அதிக விசையோடு இழுக்கும். டஸ்ட் கலெக்டர் நேர்மாறு: ஏராளமான காற்றை நகர்த்தும், ஆனால் தடை வந்தால் சோர்ந்துவிடும். மரத்தூள் பைப்பில் படியாமல் போக வேண்டுமானால் காற்று நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 4 அங்குல பைப்பில் அது மணிக்குச் சுமார் 570 கன மீட்டர் காற்று. பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பார்க்கலாம். மடிப்பு மடிப்பான ஹோஸின் உராய்வு வழவழப்பான பைப்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீளமாக இழுத்துவிட்டு மெஷினைக் குறை சொல்லக் கூடாது. முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

காரைக்குடி பட்டறை | திங்கள், இரவு 9.50

மன்னிக்கவும், சாப்பிடப் போயிருந்தேன். மெஷின் 2 எச்.பி., ஒற்றைப் பை. பைப் 4 அங்குல பி.வி.சி., 30 அடி இருக்கும். வளைவு நான்கு, கடைசியில் 10 அடி ஹோஸ். போன வாரம்தான் மெஷினைப் பின்கொட்டகையிலிருந்து புதுக் கொட்டகைக்கு மாற்றினோம். பழைய இடத்தில் 8 அடி ஹோஸ் மட்டும்தான், அருமையாக இழுத்தது.

தேக்கு உத்தரம் | திங்கள், இரவு 10.02

நான் சொன்னது இதைத்தான். 8 அடி எங்கே, 40 அடி எங்கே? எல்போக்களை (90 டிகிரி வளைவுகளை) கழற்றி, ஒவ்வொன்றுக்கும் பதிலாக இரண்டு 45 டிகிரி வளைவு போடுங்கள். கிளை பிரிகிற இடத்தில் டி (T) வடிவ இணைப்பு வேண்டாம், ஒய் (Y) வடிவம் போடுங்கள். ஹோஸை 3 அடியாகக் குறையுங்கள். பயன்படுத்தாத வாய்களை மூடுங்கள். நான்கு வேலையும் முடித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

மூன்றாம் பேஸ் | திங்கள், இரவு 10.20

பைப்பை அறுப்பதற்கு முன் ஒரு நிமிடம். பேஸ் பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லை. இடம் மாற்றியபோது ஒயரைக் கழற்றி மாட்டியது யார்? மூன்று பேஸ் மோட்டார் என்றால், ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயர் இடம் மாறினாலே மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். கோயம்புத்தூர்ப் பக்கம் பட்டறைகளில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சீவல் பாதி உள்ளே போகிறது, பாதி கொட்டுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்.

மதுரை ரம்பம் | திங்கள், இரவு 10.33

ஐயா, எதிர்த்திசையில் ஓடினால் காற்று வெளியே ஊதத்தானே வேண்டும்? அவருக்குக் கொஞ்சமாவது இழுக்கிறதே.

மூன்றாம் பேஸ் | திங்கள், இரவு 10.51

அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். மேசை விசிறி மாதிரி இதழ் விசிறியாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. டஸ்ட் கலெக்டருக்குள் இருப்பது வேறு வகை. காற்று காற்றாடியின் நடுவில் நுழைந்து, சுழலும் வேகத்தில் ஓரத்துக்கு வீசப்பட்டு, சங்கு போல விரியும் உறை வழியாக வெளியேறும். எந்தப் பக்கம் சுற்றினாலும் நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் வீசும். எதிர்த்திசையில் சுற்றினால் உறையின் வளைவு அந்தக் காற்றுக்கு ஒத்துழைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். இழுக்கும், ஆனால் வெகுவாகக் குறைந்து இழுக்கும். சத்தமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நாள்கணக்கில் அப்படியே ஓடவிட்டால் காற்றாடியைப் பிடித்திருக்கும் போல்ட் தளரவும் வாய்ப்புண்டு.

உறையின் மேல் அம்புக்குறி இருக்கும். மெஷினை ஒரு நொடி போட்டு உடனே நிறுத்துங்கள். மோட்டாரின் பின்மூடித் துளைகள் வழியே குளிர்விப்பு விசிறி மெதுவாக ஓய்வது தெரியும். அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். வாய்க்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டாம். ஸ்விட்சை அணைத்த பிறகும் காற்றாடி வெகுநேரம் சுழலும்.

உளிச்சத்தம் | செவ்வாய், காலை 6.15

மற்றதெல்லாம் இருக்கட்டும். 30 அடி பி.வி.சி. போட்டிருக்கிறாரே, அதற்கு எர்த் கொடுத்தாரா? பிளாஸ்டிக் பைப்பில் மரத்தூள் உரசி ஓடினால் நிலைமின்சாரம் ஏறும். பொறி பறந்தால் தூள் வெடிக்கும். பைப்புக்குள் செம்புக் கம்பி ஓட்டி எர்த்தில் கட்டுங்கள். உயிர் விஷயம்.

தேக்கு உத்தரம் | செவ்வாய், காலை 7.40

பிளாஸ்டிக் மின்கடத்தி அல்ல. கடத்தாத ஒன்றை எர்த் செய்ய முடியாது. கம்பி தொடுகிற இடத்தில் மட்டும் மின்னேற்றம் இறங்கும், அரை அடி தள்ளி அப்படியே இருக்கும். போதாததற்கு, பைப்புக்குள் கம்பி ஓட்டினால் நீளமான தேக்குச் சீவல் அதில் சுற்றிக்கொண்டு அடைக்கும். காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 40 கிராமாவது தூள் இருந்தால்தான் மரத்தூள் வெடிக்கும். ஒற்றைப் பிளேனர் ஓடும் பைப்பில் அந்த அடர்த்தி ஏது?

உளிச்சத்தம் | செவ்வாய், காலை 8.02

பைப்பில் இல்லாமல் இருக்கலாம். பையைத் தட்டும்போது பைக்குள் எவ்வளவு பறக்கும்? அப்போது இந்தக் கணக்கு உதவுமா? தொழிற்சாலைகளில் மரத்தூள் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வராது என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

தேக்கு உத்தரம் | செவ்வாய், காலை 8.20

வராது என்று நான் சொல்லவில்லை. கம்பி கட்டினால் வராது என்று நீங்கள் நம்புவதைத்தான் மறுக்கிறேன். பயம் இருந்தால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போட்டு, இணைப்புக்கு இணைப்பு உலோகத் தொடர்பு விடாமல் எர்த் செய்யுங்கள். அது முறை. பிளாஸ்டிக்கின் மேல் கம்பி சுற்றுவது மனத்திருப்திக்கு மட்டும்தான்.

மூன்றாம் பேஸ் | செவ்வாய், காலை 8.45

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பைப்பைத் தொட்டதும் சுளீரென்று அடித்தால் கை தானாக வெட்டி இழுக்கும். அந்தக் கை அப்போது ரம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் நேரில் பார்த்த ஆபத்து அதுதான். பைப்புக்கு வெளியே கம்பி சுற்றினால் அந்த அடியாவது குறையும். மெஷினின் உடலுக்கும் மோட்டாருக்கும் எர்த் கட்டாயம், அதில் வாதமே இல்லை.

காரைக்குடி பட்டறை | செவ்வாய், காலை 9.30

மூன்று பேஸ்தான். ஒயர் மாட்டியது பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியன். நீங்கள் சொன்னபடி பார்த்தோம். அம்புக்குறி கடிகாரம் சுற்றும் திசையில் இருக்கிறது. பின்னால் விசிறியும் கடிகாரத் திசையில்தான் சுற்றுகிறது. ஆகவே திசை சரி. பைப்பைத்தான் மாற்ற வேண்டும்போல. படம் இரண்டு போட்டிருக்கிறேன்.

இழைப்புளி | செவ்வாய், காலை 10.10

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பி, இரண்டு விஷயம் மனத்தை உறுத்துகிறது.

ஒன்று, பையைச் சுற்றிப் பழைய நூல் புடவை ஒன்றை இரண்டு சுற்றாகச் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியிருக்கிறீர்கள். தூள் வெளியே கசிகிறது என்றுதான் கட்டியிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் மூச்சுவிடும் வாயைத் துணியால் பொத்தியதாகத்தான் ஆகும். கசிவுக்கு மருந்து நல்ல பை. மலிவு மெஷின்களோடு வரும் பை பெரும்பாலும் 30 மைக்ரான். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான்தான். 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூள்தான் நெஞ்சுக்குள் இறங்குகிறது, அதை அந்தப் பை நிறுத்தாது. இரவில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, மெஷினை ஓட்டி, பையின் ஓரமாக டார்ச் அடித்துப் பாருங்கள். துணியிலிருந்து புகை கிளம்புவது போலத் தெரியும். நான் முதன்முதலாக அப்படிப் பார்த்த இரவுக்குப் பிறகு மாஸ்க் இல்லாமல் பட்டறைக்குள் நுழைந்ததில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் மூக்கையொட்டிய எலும்பறைகளிலும் வருகிற புற்றுநோய். 1 மைக்ரான் பை, அதுவும் இப்போது இருப்பதைவிடப் பெரிய பையாக வாங்குங்கள். துணிப்பரப்பு கூடினால் காற்று தாராளமாக வெளியேறும்.

இரண்டாவது இன்னும் அவசரம். இரண்டாம் படத்தில், வலது மூலையில், சாணை பிடிக்கும் மெஷினுக்கும் ஒரு கிளை ஹோஸ் போகிறது. உளி தீட்டும்போது பறக்கும் பொறி நேராக மரத்தூள் பைக்குள் போகிறது! இன்றே பிரித்துவிடுங்கள். எங்கள் பட்டறையில் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு ஒரே ஒரு பிளேடைத் தீட்டினோம். ஆறு மணிக்குப் பூட்டிக்கொண்டு போனோம். இரவு பத்தரைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கருகல் வாடை என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் தீ இல்லை, கதவிடுக்கில் மெல்லிய புகை மட்டும். பையின் அடியில் தேங்காய் அளவுக்கு ஒரு கரிக்கட்டி, உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. ஐந்தரை மணி நேரம் அப்படியே உள்ளுக்குள் புகைந்துகொண்டு இருந்திருக்கிறது. பையை அவிழ்த்துக் காற்றுப் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. பையோடு தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினோம்.

அன்றிலிருந்து இரும்பு வேலைக்கும் மர வேலைக்கும் ஒரே ஹோஸ் கிடையாது. சாயங்காலம் பையைக் காலி செய்யாமல் பட்டறையைப் பூட்டுவதில்லை. ஆணி இருக்கும் பழைய மரம் வந்தால் முதலில் ஆணியைப் பிடுங்கிவிட்டுத்தான் மெஷினில் விடுவோம். இரும்புக் காற்றாடியில் ஆணி பட்டாலும் பொறிதான்.

மதுரை ரம்பம் | செவ்வாய், காலை 10.25

புடவை கட்டியிருப்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பை என்று நான் சொன்னது இதைத்தான்.

மூன்றாம் பேஸ் | செவ்வாய், காலை 10.48

முதல் படத்தைப் பாருங்கள். அம்புக்குறி இருப்பது ஹோஸ் மாட்டும் முன்பக்கத்தில். நீங்கள் விசிறியைப் பார்த்தது மோட்டாரின் பின்பக்கத்திலிருந்து. ஒரே சக்கரத்தை முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசை, பின்னாலிருந்து பார்த்தால் எதிர்த்திசை. சரியாக ஓடினால் பின்னாலிருந்து பார்க்கும் உங்களுக்கு அது கடிகாரத்துக்கு எதிராகத் தெரிய வேண்டும். கடிகாரத் திசையில் தெரிகிறது என்றால் மெஷின் தலைகீழாகத்தான் ஓடுகிறது.

எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், நீங்களே கை வைக்க வேண்டாம். மெயினை அணைத்து, மூன்று ஒயரிலும் மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதிசெய்த பிறகு, இந்த மெஷினின் ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்றில் ஏதேனும் இரண்டை மாற்றினால் போதும். கொட்டகைக்கு வரும் மெயின் ஒயரை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் ரம்பமும் பிளேனரும் எதிர்த்திசையில் ஓடும், அது பெரிய ஆபத்து. அப்படியே ஓவர்லோடு ரிலே (கரண்டு அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) எத்தனை ஆம்பியருக்கு வைத்திருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். திசை சரியானதும் காற்று கூடும், மோட்டார் எடுக்கும் கரண்டும் கூடும். ஹோஸையும் பையையும் கழற்றிவிட்டு வெறும் வாயோடு ஓட்டிப் பார்க்க வேண்டாம், தடையில்லாமல் காற்று பாய்ந்தால் மோட்டார் சூடாகும்.

தேக்கு உத்தரம் | செவ்வாய், காலை 11.30

திசை தவறு என்பதை ஏற்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் 40 அடி 40 அடிதான். 6 அங்குலத்துக்கு மாற்றலாம் என்று யாரேனும் சொல்வதற்கு முன் எழுதிவிடுகிறேன்: குறுக்குப் பரப்பு இரண்டேகால் மடங்காகும், 2 எச்.பி. மெஷினால் அதில் வேகத்தைக் காப்பாற்றுவது கடினம், தூள் பைப்பிலேயே படியும். மெஷினைப் பிளேனருக்குப் பக்கத்தில் நகர்த்துவதுதான் நல்லது.

உளிச்சத்தம் | செவ்வாய், பிற்பகல் 2.15

எர்த் பற்றி நான் கேட்டதற்குக் காரைக்குடிக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

காரைக்குடி பட்டறை | வியாழன், இரவு 9.40

எல்லாருக்கும் நன்றி. எலக்ட்ரீசியன் இரண்டு ஒயரை மாற்றினார், ஐந்து நிமிட வேலை. புடவையை அவிழ்த்துவிட்டோம். இப்போது பிளேனரடியில் ஒரு கைப்பிடிச் சீவல்கூட விழுவதில்லை. சாணை ஹோஸை அன்றைக்கே கழற்றிவிட்டேன், இழைப்புளி அண்ணா எழுதியதை அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். மோட்டாருக்கு எர்த் கொடுத்தாயிற்று. ஒரு கதவு முடிந்தது, மற்றது நாளை. புதுப் பை சொல்லியிருக்கிறேன்.

இழைப்புளி | வியாழன், இரவு 9.58

மகிழ்ச்சி தம்பி. சொல்லியிருக்கும் பை எத்தனை மைக்ரான்?