இங்கிலாந்தின் யார்க் நகரில் மனத்தை விட்டு அகலாத ஒரு காட்சி: அனுபவப் பகிர்வு

மேட்டுக்கோட்டை:
யார்க்கில் ஒரு மேட்டின்மேல் நிற்கும் பழைய கோட்டையான கிளிஃபர்ட் கோபுரத்தை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் என்பதால் மேடு முழுவதும் மஞ்சள் டாஃபடில் பூத்திருந்தது. படியேறிய எல்லோரும் பூக்களோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, மேட்டின் அடிவாரத்தில் எபிரேய எழுத்துகளும் பொறித்த நினைவுக்கல்லின் முன் ஒரு முதியவர் மட்டும் குனிந்து, இறந்தோரை நினைத்து யூதர்கள் வைப்பதுபோல், சட்டைப்பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து வைத்தார். 1190 மார்ச் 16 அன்று, அப்போது அங்கிருந்த மரக்கோட்டையில் தஞ்சம் புகுந்திருந்த ஏறத்தாழ 150 யூதர்களில் பெரும்பாலோர், சூழ்ந்து நின்ற கும்பலிடம் சிக்குவதைவிடத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார்கள். ஞானஸ்நானம் பெறச் சம்மதித்து வெளியே வந்தவர்களையும் கும்பல் விடவில்லை. அதை முன்னின்று நடத்தியவர்களில் யூதர்களிடம் கடன்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் அடுத்துச் செய்த காரியம், நகரின் பெரிய தேவாலயமான யார்க் மின்ஸ்டர் பேராலயத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களைக் கொளுத்தியது. இன்றுள்ள கல் கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது, நினைவுக்கல்லோ 1978இல்தான் வைக்கப்பட்டது. யார்க்கை ஒருவருக்கு அறிமுகம் செய்வதென்றால் அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வண்ணக்கண்ணாடி:
அந்தத் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனாலும், முதன்முறை வருபவருக்குப் பேராலயம் என்றாலே பத்திரம் எரித்த இடம் என்று பதிந்துவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் என்ற கலைஞர் தம் குழுவினரோடு உருவாக்கிய பெரிய கிழக்குச் சாளரத்தில், உலகம் படைக்கப்பட்டதிலிருந்து அதன் முடிவு வரை வண்ணக் கண்ணாடியில் விரிகிறது. இருப்பினும் என்னை நிறுத்தி வைத்தது அதுவன்று. 1984 ஜூலை 9 அன்று நள்ளிரவுக்குப் பின், மின்னல் தாக்கியதால் மூண்டதாகக் கருதப்படும் தீயில் தெற்குப் பகுதியின் கூரை எரிந்து விழுந்தது. அங்குள்ள வட்டமான ரோஜாச் சாளரத்தின் கண்ணாடி வெப்பத்தில் எங்கும் விரிசல் விட்டும், கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயச் சட்டங்கள் சில ஆண்டுகளுக்கு முன்புதான் புதுப்பிக்கப்பட்டிருந்ததால் உதிராமல் நின்றது. புதிய கூரையின் மரச் செதுக்கங்களில் சிலவற்றுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் மூலம் சிறுவர்களிடம் வடிவம் கேட்டார்கள். அருகில் நின்றவர் தந்த தொலைநோக்கியில் பார்த்தபோது, இடைக்காலப் பேராலயத்தின் கூரையில் நிலவில் கால்பதித்த விண்வெளி வீரர் தெரிந்தார்! அந்த மகிழ்ச்சி இன்னும் என்னிடம் இருக்கிறது.

மேட்டுக்கோட்டை:
பேராலயத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோபுரத்தில் பூக்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

மதில்நடை:
இருவருமே நகரத்தின் வயதைக் குறைத்துவிட்டீர்கள். கி.பி. 71இல் ரோமானியர் படைக்கோட்டை அமைத்த ஊர் இது. 306இல் கான்ஸ்டன்டைன் ரோமப் பேரரசராக அறிவிக்கப்பட்டதும் இங்கேதான். அருங்காட்சியகத் தோட்டத்தில் உள்ள பல்கோணக் கோபுரத்தின் சுவரில், கீழே ரோமானியர் அடுக்கிய சிறு கற்களையும் அவற்றினூடே ஓடும் சிவப்பு ஓட்டு வரிசையையும், மேலே இடைக்காலத்தார் ஏற்றிய பெரிய கற்களையும் ஒருசேரத் தொட்டுப் பார்த்தேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

இனிப் போகிறவர்கள் பழைய நகரைச் சூழ்ந்த மதில்மேல் நடக்காமல் திரும்பாதீர்கள். ஏறத்தாழ 3.4 கி.மீ. நீளமுள்ள அதில் ஏறக் கட்டணம் இல்லை. நேரம் குறைவு என்றால் பூத்தம் வாயிலில் ஏறி மங்க் வாயிலில் இறங்குங்கள். வழிநெடுகப் பேராலயம் மரங்களுக்கு மேலே கூடவே வரும். பொழுது இருந்தால் மிக்கிள்கேட் வாயிலுக்கும் செல்லுங்கள். அரியணைக்கு உரிமை கோரி 1460இல் போரில் மாண்ட யார்க் கோமகனின் தலையை, எதிரிகள் கேலியாகக் காகித முடி சூட்டிக் காட்சிக்கு வைத்த வாயில் அது. கிழக்கே ஃபாஸ் ஆற்றங்கரையில் மதில் திடீரென நின்றுவிடும். அங்கே முற்காலத்தில் நீரும் சதுப்புமே அரணாக இருந்தன, ஆகவே வழி தவறியதாக எண்ணாமல் சாலையோரமாக நடந்தால் சிவப்புக் கோபுரத்தில் மதில் மீண்டும் தொடங்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: உட்புறம் பல இடங்களில் கைப்பிடி கிடையாது, மழை பெய்தால் கல் வழுக்கும், இருட்டுமுன் வாயில்களைப் பூட்டிவிடுவார்கள்.