சென்னை 14-லிருந்து 4: நகரம் மாறியதா, அளவுகோல் மாறியதா?

கோபுரவாசி:
ஸ்மார்ட் சிட்டி திட்டத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: மத்திய அரசின் வாழ்வதற்கு எளிதான நகரங்கள் பட்டியலில் 2018-இல் சென்னைக்கு 14-ஆம் இடம், 2020-இல் 4-ஆம் இடம். கோவை 25-லிருந்து 7. வேறு என்ன சான்று வேண்டும்?

மாம்பலத்தான்:
அவசரப்படாதீர்கள் ஐயா. 2018-இல் 111 நகரங்களும் ஒரே வரிசையில் நின்றன. 2020-இல் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 49 நகரங்களைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். முதல் பட்டியலில் 4-ஆம் இடத்தில் இருந்த திருப்பதி, சென்னையுடன் இப்போது போட்டியிலேயே இல்லை. போதாததற்கு, முன்பு இல்லாத மக்கள் கருத்துக்கணிப்புக்கு 30 சதவீத மதிப்பெண். வினாத்தாளை மாற்றிவிட்டு, பையன் தேறிவிட்டான் என்று இனிப்புக் கொடுக்கிறீர்கள்.

கோபுரவாசி:
சரி, பட்டியலை விடுங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் போட்ட தி.நகர் பாண்டி பஜார் நடைபாதையுமா கண்ணில் படவில்லை? 2019-க்கு முன் அங்கே கைக்குழந்தையோடு நடந்திருக்கிறீர்களா?

மாம்பலத்தான்:
நடைபாதை அருமைதான், மறுக்கவில்லை. அதே தி.நகர் 2021 நவம்பர் மழையில் மிதந்தது. ஸ்மார்ட் சிட்டி பணிகளை விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதாரை அரசு நியமித்ததும் அதன் பிறகுதான். 100 நகரங்கள், சுமார் 8,000 பணிகள், ரூ.1.6 லட்சம் கோடி என்று அறிக்கை படிக்கிறார்கள். மழை விட்டு எத்தனை மணி நேரத்தில் தெருவில் தண்ணீர் வடிகிறது? எனக்கு வேண்டிய எண் அது ஒன்றுதான்.

நொய்யல்கரை:
கோவையிலிருந்து ஒரு சொல். அதே திட்டத்தில் சீரமைத்த உக்கடம் பெரியகுளத்துக் கரையில் மாலையில் நடப்பவர்களின் மகிழ்ச்சி கருத்துக்கணிப்பில் ஏறும். குளக்கரை வீடுகளிலிருந்து நகருக்கு வெளியே கீரணத்தம் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டவர்கள் டவுனுக்கு வேலைக்கு வர பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு எந்தப் பத்தியில் ஏறும்?

கோபுரவாசி:
ஆக்கிரமிப்பை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா அம்மா? வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அந்த வீடுகள்தான்.

நொய்யல்கரை:
அகற்றியது தவறு என்று எங்கே சொன்னேன்? வரவை எழுதும் பேரேட்டில் செலவையும் எழுதுங்கள் என்கிறேன்.

கோபுரவாசி:
எழுதுவது யார்? பணி செய்த மாநகராட்சியே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்வதா?

மாம்பலத்தான்:
2022-இல் விதி வகுத்து வார்டு குழுவும், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் வந்துவிட்டனவே. வடிகால் கணக்கை அங்கே வைக்கட்டும்.

கோபுரவாசி:
எங்கள் பகுதி சபையில் ஆட்களைவிட நாற்காலிகள்தான் அதிகம். இருந்தாலும் இதற்கு நான் சம்மதிக்கிறேன்.

நொய்யல்கரை:
நான் சம்மதிக்கவில்லை. கீரணத்தம் போனவர்கள் இப்போது உக்கடம் வார்டிலேயே இல்லை. அவர்கள் எந்தச் சபையில் போய்ப் பேசுவார்கள்?