வேலை போனபின் ஜிஏஎஃப்எக்ஸ் மாநாட்டுக்கு: பெங்களூரு விஎஃப்எக்ஸ் ஆட்களின் அனுபவக் குறிப்புகள்

காம்பாசிட்டர், அல்சூர்:
2025 பிப்ரவரி கடைசியில விஎஃப்எக்ஸ் (படத்துல கம்ப்யூட்டர்ல காட்சி சேர்க்கிற வேலை) கம்பெனி டெக்னிகலர் கடையைக் கட்டினப்போ பெங்களூரு, மும்பை ரெண்டும் சேர்த்து சுமார் 3,000 பேருக்கு வேலை போச்சு. அதே வாரம்தான் பெங்களூரு லலித் அசோக் ஓட்டல்ல ஜிஏஎஃப்எக்ஸ், அதாவது கேம், அனிமேஷன், விஎஃப்எக்ஸ் துறை மாநாடு. அந்த மாதிரிக் கூட்டத்துல ஸ்டால்காரர் ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கொடுத்தாலே பெரிசு. ரீல், அதாவது நம்ம வேலையைத் தொகுத்துக் காட்டற வீடியோ, 60 முதல் 90 விநாடிக்குள்ள முடியணும். நல்ல ஷாட் முதல்ல வரணும். கிளைமாக்ஸுக்கு ஒளிச்சு வெச்சா அதுவரைக்கும் யாரும் நிக்க மாட்டாங்க.

ஒவ்வொரு ஷாட்டுக்கு அடியிலயும் நீங்க செஞ்சதை மட்டும் எழுதுங்க: "ரோட்டோ, கீயிங் மட்டும்". (ரோட்டோன்னா உருவத்தைச் சுத்தி வரைஞ்சு பிரிச்செடுக்கிறது, கீயிங்னா பச்சைத் திரையை நீக்கறது.) எழுதாம விட்டா? அதே ஷாட்டோட இன்னும் நாலு பேர் அதே ஸ்டாலுக்கு வந்திருப்பாங்க. யார் எதைச் செஞ்சாங்கன்னு புரியாம அஞ்சு பேரையும் ஓரம் கட்டிடுவாங்க. காம்ப்னா (காட்சித் துண்டுகளை ஒரே ஷாட்டா சேர்க்கிற வேலை) மூல பிளேட்ல, அதாவது கேமராவுல எடுத்த காட்சியில இருந்து ஃபைனல் வரைக்கும் திரையைத் துடைச்ச மாதிரி மாறுற வைப் காட்டணும். மேட்ச்மூவ்னா (கேமரா அசைவை கம்ப்யூட்டர்ல அப்படியே பிடிக்கிறது) கட்டம் போட்ட செக்கர் ஒட்டின 3டி உருவம் தரையில வழுக்காம நிக்கணும். அனிமேஷனுக்கு பிளேபிளாஸ்ட்டே (முழுசா ரெண்டர் பண்ணாத முன்னோட்ட வீடியோ) போதும்.

லைட்டிங், கே.ஆர். புரம்:
அண்ணா சொன்னதோட ஒண்ணு. ஸ்டூடியோ மூடினாலும் என்டிஏ (ரகசியம் காக்கிற ஒப்பந்தம்) மூடாது. காட்சி உரிமை படத் தயாரிப்பாளர்கிட்ட இருக்கு. படம் வெளிவந்துட்டாலும் பிரேக்டவுன் லேயரை (ஷாட்டைப் பிரிச்சுக் காட்டற அடுக்குகளை) காட்ட எழுத்துல அனுமதி வேணும். பாஸ்வேர்டு போட்டு விமியோவுல ஏத்தினா மட்டும் அது நியாயமாயிடாது. பார்க்கிற ரிக்ரூட்டர், "நாளைக்கு நம்ம ஷாட்டும் இப்படித்தான் வெளியே போகும்"னு கணக்குப் போடுவார்.

கையில ஒண்ணுமே மிஞ்சலைன்னா, பிளெண்டர் ஃபவுண்டேஷனோட 2012 குறும்படம் 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' இருக்கு. கேமராவுல எடுத்த மூல பிளேட்டையே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல கொடுத்திருக்காங்க. யாருடையதுன்னு பெயர் போட்டா போதும். அதுல ரெண்டு ஷாட்டை மூணு வாரம் உட்கார்ந்து ஒழுங்கா முடிங்க. பத்து ஷாட் அரைகுறையா வேண்டாம்.

மோஷன் கிராஃபிக்ஸ், பிரேசர் டவுன்:
அரங்க வைஃபையை நம்பாதீங்க, கூட்டம் ஏறினா படுத்துடும். ரீல் 1080பி, எச்.264, எம்பி4, 100 எம்பிக்குள்ள, போன்லயே இருக்கட்டும். கார்டுல க்யூஆர் 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இலவசத் தளத்துல 'டைனமிக்' க்யூஆர் போட்டா அது முதல்ல அவங்க சர்வருக்குப் போய்த்தான் உங்க ரீலுக்கு வரும். ட்ரையல் முடிஞ்சதும் வழி அடைபட்டுடும், கார்டு மட்டும் மேசையில கிடக்கும். ரீல் முகவரியையே நேரா உள்ள வெச்ச ஸ்டேடிக் க்யூஆர் போடுங்க. பளபள லாமினேஷனும் வேண்டாம். விளக்கு வெளிச்சம் பட்டா ஸ்கேன் ஆகாது, பின்பக்கம் பேனாவும் ஓடாது.

புரொடக்ஷன் கோஆர்டினேட்டர், இந்திரா நகர்:
மேசைக்கு இந்தப் பக்கம், ஆள் எடுக்கிற பக்கம் இருந்து சொல்றேன். "ஏதாவது வேலை இருக்கா சார்?"னு கேட்டா "மெயில் போடுங்க"ன்னுதான் பதில் வரும். "நியூக் காம்ப், ஆறு வருஷம், ஸ்டூடியோ மூடிட்டாங்க, திங்கட்கிழமையே சேரலாம்" – இவ்வளவுதான் (நியூக்னா காம்ப் பண்ற சாஃப்ட்வேர்). பழைய மேனேஜரைத் திட்டாதீங்க, பக்கத்து ஸ்டால்ல அவரே நின்னாலும் நிப்பார்.

புராஜெக்ட் கையெழுத்தானாத்தான் வேலைக்கு சீட் திறக்கும். அன்னிக்கு ஸ்டால்ல நிக்கிறவர் கையில பெரும்பாலும் காலியிடமே இருக்காது. அதனால "அடுத்த ஷோ (புராஜெக்ட்) எந்த மாசம் தொடங்குது, மெயில் யாருக்கு?"ன்னு ரெண்டு கேள்வி கேளுங்க. பதிலை அவர் கார்டுக்குப் பின்னால அங்கேயே எழுதுங்க. சாயங்காலம் முப்பது கார்டுல முகம் ஞாபகம் வராது. 48 மணி நேரத்துக்குள்ள மெயில்: சப்ஜெக்ட்ல வேலை, வருஷம், சேரும் தேதி, உள்ள நாலு வரியும் லிங்க்கும். சொன்ன மாசம் வந்ததும் அதே மெயில் இழையிலேயே இன்னொன்னு. இந்த ரெண்டாவது மெயிலைத்தான் பெரும்பாலானவங்க போடறதில்ல.

டெஸ்ட் கொடுத்தா ஒரு ஷாட், ரெண்டு நாள் நியாயம். நடந்துக்கிட்டிருக்கிற புராஜெக்ட்டோட அஞ்சு ஷாட்டை 'டெஸ்ட்'னு நீட்டினா அது சம்பளமில்லாத வேலை. பயிற்சி டெபாசிட்னு பணம் கேட்டா எழுந்து வந்துடுங்க.

காம்பாசிட்டர், அல்சூர்:
சென்னையில இருந்து வர்றவங்களை பெங்களூரு மெயில் விடியறதுக்கு முன்னாடியே மெஜஸ்டிக்ல இறக்கிவிட்டுடும். ஸ்டேஷன் வெயிட்டிங் ஹால்லயே குளிச்சு, டிபன் முடிச்சுட்டு ஆட்டோ பிடிச்சா போதும். முதல் நாள் காலையிலேயே ஸ்டாலைச் சுத்திடுங்க. கடைசி நாள் மதியம் ஸ்டாண்டியை (நிக்கிற பேனரை) சுருட்ட ஆரம்பிச்சிருப்பாங்க.