டிசைன் வேலைக்குக் கவர் லெட்டர் எதற்கு, போர்ட்ஃபோலியோ போதாதா?

கோட்டுருவன்:
கவின் கலைக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு நான்கு மாதமாகச் சென்னையில் வேலை தேடுகிறேன். பிஹான்ஸ் தளத்தில் போர்ட்ஃபோலியோவாக, அதாவது நான் செய்த வேலைகளின் தொகுப்பாக, பன்னிரண்டு ப்ராஜெக்ட் வைத்திருக்கிறேன், லோகோ, புத்தக அட்டை, பாக்கெட் டிசைன் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு விளம்பரத்திலும் ரெஸ்யூமேவோடு கவர் லெட்டர் என்கிற விண்ணப்பக் கடிதமும் அனுப்பச் சொல்கிறார்கள். தச்சரிடம் வேலை கொடுக்கும்போது அவர் செய்த கதவைத்தானே பார்ப்போம், கடிதமா கேட்போம்? என் ஆங்கிலம் சுமார்தான். ஒரு லோகோ வரைந்து முடிக்கிற நேரத்தைவிட அந்த ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டுகிற நேரம் அதிகமாகிவிடுகிறது.

பழைய லேஅவுட்:
தம்பி, சின்ன ஸ்டூடியோ ஒன்றுக்கு ஆள் எடுக்கிறவன் என்பதால் சொல்கிறேன். கடிதம் வேண்டும். ஒரு தடவை ஒரே கம்பெனியிலிருந்து மூன்று பேர் விண்ணப்பித்திருந்தார்கள், மூன்று போர்ட்ஃபோலியோவிலும் அதே நெய் டப்பா. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் எழுத்தை அமைத்தவர், ஒருவர் மாட்டுப் படம் வரைந்தவர், இன்னொருவர் டை லைன், அதாவது வெட்டுகிற, மடிக்கிற கோடுகளைப் போட்டு பிரஸ்ஸுக்குப் போகிற ஃபைலைத் தயார் செய்தவர். எங்களுக்கு அப்போது தேவைப்பட்டது அந்த மூன்றாவது ஆள்தான். அது படத்தைப் பார்த்தால் தெரியுமா? அவர் கடிதத்தில் எழுதியிருந்ததால்தான் தெரிந்தது.

மதுரைக்காரி:
அண்ணா, நீங்கள் படிக்கிறீர்கள், சந்தோஷம். நான் இருந்த ஒரு ஏஜென்சியில் எச்.ஆர். எங்களுக்கு போர்ட்ஃபோலியோ பி.டி.எஃப்.பை மட்டும்தான் அனுப்புவார்கள், கடிதம் எல்லாம் அவர்கள் மெயிலிலேயே கிடக்கும். பிள்ளைகள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியதை ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று தெரிந்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. அப்புறம், நெய் டப்பாவில் யார் எதைச் செய்தார்கள் என்பதை அந்தப் படத்துக்குக் கீழேயே இரண்டு வரியில் எழுதிவிடலாமே, அதற்கு எதற்குத் தனிக் கடிதம்? இதில் அடிபடுவது தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள்தான். கோடு அருமையாக வரும், ஆங்கிலப் பத்தி வராது. அவர்களை வாசலிலேயே நிறுத்துகிற வேலையைத்தான் இந்தக் கடிதம் செய்கிறது.

பழைய லேஅவுட்:
படத்துக்குக் கீழே எழுதுவதை நானும் ஏற்றுக்கொள்கிறேன், எல்லோரும் அதைச் செய்ய வேண்டும். ஆனால் போர்ட்ஃபோலியோ எல்லா இடத்துக்கும் ஒன்றுதான், கடிதம் மட்டும்தான் "உங்களுக்கு நான் எதற்கு உதவுவேன்" என்று சொல்லும். 1482 வாக்கில் லியனார்டோ டா வின்சி மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். தூக்கிச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, சுரங்க வழி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய், ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் வைக்கிறார். அந்த ஆளுக்கு அன்று என்ன தேவை என்று யோசித்து எழுதியிருக்கிறார்.

மதுரைக்காரி:
அந்தக் கடிதம் அவர் கையெழுத்தில் இல்லை அண்ணா. இன்று கிடைக்கிற பிரதி வேறு யாரோ எழுதியது. நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரிடம் உதவி கேட்டிருப்பார் என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கே அப்படியென்றால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? இப்போது எல்லோரும் சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதி வாங்குகிறார்கள், பத்துக் கடிதத்தைத் திறந்தால் பத்திலும் அதே "பேஷனேட் டிசைனர்". அதை வைத்து யாரை எப்படி எடை போடுவீர்கள்?

அச்சுமை:
நான் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிறவன். ஒரு பையன் தமிழிலேயே மெயில் அனுப்பினான், மொத்தம் ஆறு வரி. எங்கள் மாதக் காலண்டரில் இரண்டு இடத்தில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விட்டது என்று போட்டோவோடு காட்டி, "பழைய பாமினி எழுத்துருவில் இருந்த ஃபைலை யூனிகோடுக்கு மாற்றியபோது இப்படி ஆகியிருக்கலாம், இன்டிசைன் மென்பொருளில் தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்குகிற வேர்ல்ட் ரெடி கம்போசருக்கு மாற்றினால் சரியாகிவிடும்" என்று எழுதியிருந்தான். போர்ட்ஃபோலியோவில் மூன்றே வேலை, அதில் ஒன்று கல்யாணப் பத்திரிகை, சுமார் ரகம். மறுநாளே வரச் சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக எங்களோடு இருக்கிறான், தமிழ் எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாம் அவன் கையில்தான்.

மதுரைக்காரி:
அச்சுமை சார், இதை நான் மறுக்கவே இல்லை, அந்தத் தம்பி செய்தது நல்ல காரியம். அப்படியானால் விளம்பரத்திலேயே தெளிவாகக் கேளுங்கள். "எங்கள் வேலையில் ஒன்றைப் பார்த்து ஐந்து வரி எழுதுங்கள், தமிழிலும் எழுதலாம்" என்று போடுங்கள். வெறுமனே கவர் லெட்டர் என்று போட்டால் பிள்ளைகள் கூகுளில் தேடி "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பிக்கிற மாதிரியைத்தான் எடுப்பார்கள். தப்பு கேட்கிற இடத்தில் இருக்கிறது.

பழைய லேஅவுட்:
அது நியாயம். எங்கள் அடுத்த விளம்பரத்தில் அப்படியே போடுகிறேன். ஆனாலும் தம்பி, மற்றவர்கள் மாறும்வரை நீ காத்திருக்க முடியாது, இன்றைக்கே எழுதிப் பழகு.

கோட்டுருவன்:
சரி, தமிழில் முயற்சி செய்தேன், பாருங்கள்:

"உங்கள் ஸ்டூடியோ வடிவமைத்த சிறுதானியப் பாக்கெட்டுகளைக் கடையில் பார்த்தேன். 250 கிராம் பாக்கெட்டில் தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தைவிட மெலிந்து தெரிகிறது. இரண்டு எழுத்தையும் ஒரே கனத்துக்குக் கொண்டுவருவது எனக்குப் பிடித்த வேலை. இணைத்திருக்கும் மூன்றாவது ப்ராஜெக்டில் எழுத்து முழுவதும் நான் வரைந்தது, புகைப்படம் நண்பருடையது. அச்சுக்குப் போகும் ஃபைலை இதுவரை தனியாகத் தயார் செய்ததில்லை, கற்றுக்கொள்ள விரும்புகிறேன்."

மதுரைக்காரி:
தம்பி, இவ்வளவு நன்றாக எழுதுகிற நீயா எழுத வராது என்றாய்? கடைசி வரியை மட்டும் எடுத்துவிடு. தெரியாததை நீயே எதற்குச் சொல்ல வேண்டும்? நேரில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

பழைய லேஅவுட்:
எடுக்காதே. அந்த வரி இருந்தால்தான் மேலே சொன்ன நாலையும் நான் நம்புவேன். முதல் வாரமே பிரஸ்ஸில் யாரோடு உன்னை உட்கார வைக்கலாம் என்றும் யோசிப்பேன்.

கோட்டுருவன்:
அந்த வரி இருக்கட்டும் அக்கா. நீங்கள் சொன்னபடி மூன்றாவது ப்ராஜெக்டுக்குக் கீழேயும் யார் எதைச் செய்தோம் என்று எழுதிவிட்டேன். இன்று இரவே அனுப்புகிறேன்.

அச்சுமை:
இரவில் வேண்டாம் தம்பி, காலையில் பத்து மணிக்கு அனுப்பு. பி.டி.எஃப். 10 எம்.பி.க்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், பெரிய ஃபைல் என்றால் சில மெயிலில் திரும்பி வந்துவிடும்.